சமையலறையை ராத்திரி மூடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் ஒரு சின்ன ஃபிளாட், அதில் இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை, உப்புப் போர் தண்ணீர், நாலு பேர் மூன்று வேளை சாப்பிடும் வீடு. இதுதான் என் அனுபவத்தின் எல்லை. புதிதாகக் குடித்தனம் வைப்பவர்கள் என்னிடம் கேட்டவையும், ஒரு காலத்தில் நான் மற்றவர்களிடம் கேட்டவையும் கீழே இருக்கின்றன.

தினமும் எவ்வளவு நேரம் ஆகும்?

ராத்திரி இருபது நிமிடம். காலையிலும் மத்தியானமும் சமைத்து முடித்த கையோடு ஐந்து ஐந்து நிமிடம். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மற்ற ஆறு நாளும் கண்டுகொள்ளாமல் விடுபவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவள்தான். அதில் முதுகுவலிதான் மிச்சம். புதன்கிழமைக்குள் பழையபடி பிசுபிசுப்பு வந்துவிடும்.

ராத்திரி மூடுவது என்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் மிச்சம் இருக்கும் குழம்பு, சோறு எல்லாவற்றையும் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். இதை முதலில் செய்தால்தான் பெரிய பாத்திரங்கள் காலியாகித் தேய்க்கப் போகும். கடைசியில் செய்தால், எல்லாம் கழுவி முடித்த பிறகு அடுப்பு மேல் ஒரு சாம்பார் சட்டி நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் பாத்திரம் தேய்ப்பது. எண்ணெய் இல்லாத டம்ளர், கிண்ணத்தில் ஆரம்பித்து, தட்டுக்கு வந்து, வாணலியையும் தோசைக்கரண்டியையும் கடைசியாக எடுங்கள். இல்லையென்றால் வாணலியின் எண்ணெய் ஸ்க்ரப்பரில் ஏறி, காபி டம்ளர் வரைக்கும் போகும்.

அடுத்து அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸ், அடுப்பு, மேடை, இந்த வரிசையில். மேலிருந்து கீழே வர வேண்டும். அஞ்சறைப் பெட்டியும் எண்ணெய்த் தூக்கும் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றித் துடைத்தால் அடியில் வட்டமாகக் கறை பிடிக்கும். தூக்கித் துடையுங்கள். பிறகு சிங்க்கைத் தேய்த்துக் கழுவி, ஜாலியில் சிக்கிய சோற்றுப் பருக்கையை எடுத்துவிட்டு, குப்பையைக் கட்டி வெளியே வைத்து, தரையைத் துடைக்க வேண்டும்.

கடைசி வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த துணியால் மேடையையும் சிங்க்கின் உட்புறத்தையும் குழாயின் அடியையும் ஈரம் போக ஒருமுறை ஒற்றி எடுப்பது. இரண்டு நிமிட வேலை. உப்புக்கறை, சிங்க் நாற்றம், கரப்பான் என்று கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஈரத்தில் போய்தான் முடிகின்றன. சோப்பு எது, பவுடர் எது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். ராத்திரி சிங்க் காய்ந்திருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காலையில் வேலைக்கு அக்கா வருவார். பத்துப் பாத்திரத்தை ராத்திரி அப்படியே போட்டு வைக்கலாமா?

போடலாம், ஆனால் எச்சிலோடு போடாதீர்கள். மிச்சத்தை வழித்துக் குப்பையில் போட்டு, ஒரு தடவை தண்ணீரில் அலசி, சிங்க்கில் அல்லாமல் ஒரு டப்பில் கவிழ்த்து வையுங்கள். இட்லி மாவு ஒட்டிய பாத்திரத்தை மட்டும் தண்ணீர் ஊற்றி ஊற வைக்கலாம். மாவு காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மற்றதையெல்லாம் ராத்திரி முழுக்க எச்சில் தண்ணீரில் ஊறப் போட்டால் காலையில் நாறும், அதில் கை வைப்பதும் ஒரு மனுஷிதான்.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது? கொதிநீரில் போட்டு எடுத்தால் போதாதா?

2017-ல் ஜெர்மனியில் வீடுகளில் பயன்படுத்திய 14 சமையலறைப் பஞ்சுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கொதிநீர், மைக்ரோவேவ் என்று அடிக்கடி சுத்தம் செய்யப்பட்ட பஞ்சுகளிலும் கிருமி குறைந்தபாடில்லை. வாரத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள் என்று அவர்கள் ஆலோசனை சொன்னார்கள். நம் ஊர் வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் பஞ்சு எனக்கு ஒத்துவருவதே இல்லை. நைலான் வலை ஸ்க்ரப்பரும் கம்பி நாரும் சீக்கிரம் காயும். தேங்காய் நார் கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு நாள் தேய்த்துவிட்டுத் தூக்கிப் போடலாம். எதுவானாலும் சோப்புக் கிண்ணத்துக்குள் ஊறிக் கிடக்க விடாமல் ஆணியில் மாட்டுங்கள்.

கரித்துணியை என்ன செய்வது?

வீட்டிலேயே அழுக்கான பொருள் அதுதான், ஆனால் பெயரே கரித்துணி என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சூடான பாத்திரத்தைப் பிடிக்க ஒன்று, மேடை துடைக்க ஒன்று, கழுவிய பாத்திரத்தின் ஈரம் துடைக்க ஒன்று என்று மூன்று துணி வேண்டும். ஒன்றே எல்லாம் செய்தால், தரையில் சிந்திய பாலைத் துடைத்த துணி சாப்பாட்டுத் தட்டையும் துடைக்கும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்தால் பதினைந்து துணி தேறும். தினமும் ராத்திரி அன்றைய துணிகளைச் சோப்பில் அலசிக் கொடியில் போட்டுவிட்டு, காலையில் வேறு எடுங்கள். வெயிலில் காயட்டும்.

பேக்கிங் சோடாவும் வினிகரும் கலந்தால் எல்லாக் கறையும் போகுமாமே?

நுரைத்துக்கொண்டு வருவதால் வேலை செய்வது போலத் தெரியும். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் லேசான உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைத் தனியாகக் குழைத்துத் தடவுங்கள். உப்புக்கறைக்கு வினிகரையோ எலுமிச்சையையோ தனியாகப் பயன்படுத்துங்கள்.

கலக்கவே கூடாத ஜோடி ஒன்று இருக்கிறது. பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கும் சமையலறையில் அது விளையாட்டு இல்லை. கழிவறைக்கு வாங்கிய ஆசிடைச் சமையலறைக்குள் கொண்டுவராமல் இருப்பதே உத்தமம்.

மேடையில் எலுமிச்சைத் தோலைத் தேய்க்கலாமா?

மேடை என்ன கல் என்பதைப் பொறுத்தது. கிரானைட் ஓரளவு தாங்கும். ஆனால் நம் வீடுகளில் அலமாரித் தட்டுக்குப் போடும் கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. அமிலம் பட்டால் மேல்பூச்சு அரிக்கப்பட்டு வெளுத்துவிடும். மார்பிளும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி இருந்த தட்டில் கறையை எடுக்கிறேன் என்று நான் எலுமிச்சையை அழுத்தித் தேய்த்தேன். ஊறுகாய்க் கறை போய்விட்டது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, மேலே ஒரு பேப்பர் விரித்து மறைத்திருக்கிறேன். கடப்பா கல்லுக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரே போதும்.

போர் தண்ணீர். குழாயிலும் சிங்க்கிலும் வெள்ளையாகப் படிகிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் காயும்போது அப்படியே தங்கிவிடுகிறது. சோப்பு அதை ஒன்றும் செய்யாது, அமிலம்தான் கரைக்கும். புளித்தண்ணீரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் பெரும்பகுதி போகும். நல்ல புளியை வீணாக்க வேண்டாம், குழம்புக்குக் கரைத்த புளிச் சக்கையே போதும். வாரம் ஒருமுறை செய்தால் கல்லாக இறுகாது. ராத்திரி சிங்க்கைத் துடைத்துவிட்டால் படிவதே குறையும்.

எவர்சில்வர் சிங்க்கில் உப்புப் பொருளையோ பிளீச்சையோ ராத்திரி முழுக்க விடாதீர்கள். புள்ளி புள்ளியாக அரிக்கும், அந்தப் புள்ளி எதற்கும் போகாது.

சிங்க் நாறுகிறது, அடிக்கடி அடைத்தும் கொள்கிறது. ஏன்?

அடியில் வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதே வளைவில்தான் குப்பையும் தங்கும். தேங்காய்த் துருவல், டீத்தூள், சோற்றுப் பருக்கை, எண்ணெய் என்று நாலும் சேர்ந்தால் அடைப்பு நிச்சயம். பொரித்த எண்ணெயை ஒருபோதும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். பழைய பால் கவரில் ஊற்றிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பதற்கு முன் செய்தித்தாளால் ஒரு துடை துடையுங்கள்.

இன்னொன்று, சோறு வடித்த கஞ்சி. கொதிக்கக் கொதிக்க அதை நேராக சிங்க்கில் வடிப்பது நம் பழக்கம். பிவிசி குழாய் அந்தச் சூட்டுக்கு இளகும், மூட்டு விடும். கஞ்சியின் மாவு ஆறிய பிறகு பசை மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் குழாய் நெளிந்து கீழே ஒழுகியபோதுதான் பிளம்பர் சொல்லித் தெரிந்தது. இப்போது பாத்திரத்தில் வடித்து, பாதியில் உப்பும் மோரும் கலந்து குடித்துவிடுகிறோம், மீதி ஆறியபின் செடிக்குப் போகிறது.

அந்த வளைவுக் குழாய் பெரும்பாலும் கையாலேயே திருகிக் கழற்றக்கூடியது. அடியில் ஒரு பக்கெட் வைத்துவிட்டு மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். முதல் தடவை குமட்டும். இரண்டாவது தடவை அவ்வளவு இருக்காது.

எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் கரப்பான் வருகிறதே?

சமையலறைக்குள் கூட்டமாகத் திரியும் சின்னப் பழுப்புக் கரப்பானும், சாக்கடையிலிருந்து எப்போதாவது வரும் பெரிய கரப்பானும் வேறு வேறு. பெரியது வந்தால் சிங்க், தரை ஜாலி வழியை அடைத்துவிடுங்கள். பாடாய்ப் படுத்துவது சின்னதுதான். அதன் பெண் சுமக்கும் ஒரு முட்டைப் பையில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். ஸ்ப்ரே அடித்தால் எதிரில் இருப்பது சாகும், மறைவில் இருப்பது இன்னும் உள்ளே போய் ஒளியும்.

அது சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அது எங்கே போகிறது என்று பாருங்கள். சிங்க், ஈரத் துணி, குடம் வைக்கும் இடம், ஃபிரிட்ஜ் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு. இவற்றை உலர்த்துவதுதான் முதல் மருந்து.

இரண்டாவது, ஒளியும் இடம். அட்டைப் பெட்டி, அடுக்கி வைத்த கேரி பேக், மிக்ஸியின் அடிப்பாகம், ஃபிரிட்ஜின் மோட்டார்ப் பக்கம், கேஸ் ஸ்டவ்வின் அடி. மளிகை வந்த அட்டைப் பெட்டியை அன்றைக்கே வெளியே போடுங்கள், பூச்சி வீட்டுக்குள் வருவதே பல நேரம் அதில்தான். மேடைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை வெள்ளை சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் மருந்து. கடையில் கிடைக்கும் ஜெல்லைக் கதவுக் கீல், இழுப்பறை மூலை, ஃபிரிட்ஜ் பின்புறம் என்று சின்னச் சின்னப் பொட்டாக வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, அடித்தால் பூச்சி ஜெல் பக்கமே வராது. போரிக் பவுடரில் சர்க்கரை கலந்து வைப்பது பழைய முறை. மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும். குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இரண்டுமே வேண்டாம். கோடு போடும் பூச்சி சாக்பீஸ் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பார்க்கச் சிலேட்டுக் குச்சி மாதிரி இருக்கும் விஷத்தைக் குழந்தை எடுக்காமல் வேறு யார் எடுப்பார்கள்?

ஒரே நாளில் ஒழியாது, முட்டையிலிருந்து வருவது வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம் விடாமல் செய்யுங்கள்.

எறும்பு?

வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அது போட்டு வைத்த வாசனைத் தடம் அழிந்தால் பின்னால் வரும் கூட்டம் தடுமாறும். சர்க்கரை டப்பாவின் மூடியைத் துடைத்து வையுங்கள். எறும்புப் பவுடரை மேடையில் தூவாதீர்கள்.

ஸ்டவ்வை எப்படிப் பராமரிப்பது?

ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பால் பொங்கி வழிந்திருந்தால் சுரண்ட வேண்டாம். ஸ்டவ் ஆறியதும் வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் தானாக இளகி வரும்.

பாத்திரத்தின் அடி கறுக்கிறதா, சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறதா? பர்னர் ஓட்டையில் அடைப்பு இருக்கலாம். பித்தளை பர்னரைக் கழற்றி வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் ஊசியால் குத்தி எடுங்கள். பல்குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சுத்தம் செய்த பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஸ்டவ்வை நகர்த்தும் அன்றைக்கு அதன் ரப்பர் டியூபையும் ஒரு பார்வை பாருங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், தேதி மேலேயே அச்சடித்திருக்கும். வெடிப்பு இருந்தால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம். கசிவுச் சந்தேகம் இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீரம் வேண்டாம். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

எங்கள் அம்மா வியாழக்கிழமை ராத்திரி அடுப்பை முழுக்கத் தேய்த்துக் கழுவி, வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேலே சின்னதாக ஒரு கோலம் போடுவார். பக்தி இருக்கிறதோ இல்லையோ, வாரத்தில் ஒரு நாள் குறித்து வைத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. நானும் வியாழக்கிழமையையே வைத்திருக்கிறேன்.

சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன்?

தாளிப்பும் பொரிப்பும் அதிகம் உள்ள வீட்டில் சிம்னி ஃபில்டரை மாதம் ஒரு முறையாவது வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவ வேண்டும். அலுமினிய வலை என்றால் வாஷிங் சோடா, காஸ்டிக் வேண்டாம், கறுத்துப் பொரிந்துவிடும். எவர்சில்வர் தகடு என்றால் பயமில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனை மெயினை அணைத்துவிட்டுத் துடையுங்கள். இதை மட்டும் போகிக்குப் போகி செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பிசின் கத்தியால் சுரண்டினாலும் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் துணியிலேயே வரும்.

மிக்ஸி ஜாரில் பழைய சட்னி வாசனை போகவில்லை.

ஜாரின் உள்ளே இல்லை, மூடியின் ரப்பர் வளையத்துக்குள் இருக்கிறது. கழற்றிக் கழுவிக் காய வைத்துத் திரும்ப மாட்டுங்கள். ஜாரின் அடிப்புறத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஜாருக்குள் கொஞ்சம் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு ஒரு சுற்று ஓட்டினால் பிளேடுக்கு அடியில் இருப்பதும் வரும்.

குக்கரிலும் அதே கதைதான். வெயிட் உட்காரும் துளையை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பருப்புத் தோல் அடைத்திருந்தால் அது சுத்தத்தைத் தாண்டி ஆபத்து. அலுமினிய குக்கர் உள்ளே கறுப்பதைத் தடுக்க, அடியில் ஊற்றும் தண்ணீரில் துளி புளி போடுங்கள்.

கறி, மீன் வாங்கும் நாளில் மட்டும் என்ன வித்தியாசம்?

கோழிக்கறியைக் கழுவாதீர்கள் என்றுதான் உணவுப் பாதுகாப்புக்காரர்கள் சொல்கிறார்கள். தெறிக்கும் தண்ணீரில் கிருமி பக்கத்துப் பாத்திரங்களுக்குப் போகும். மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவாமல் நம் வீட்டில் யாரும் கறியைச் சட்டியில் போட மாட்டோம் என்பதும் உண்மை. கழுவியே ஆக வேண்டும் என்றால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து உள்ளேயே மெதுவாக அலசுங்கள். சிங்க் பக்கத்தில் கழுவிய பாத்திரமோ பச்சைக் காயோ இருக்கக் கூடாது. முடிந்ததும் சிங்க், குழாயின் திருகு, கத்தி, கை எல்லாவற்றுக்கும் சோப்பு. கறிக்குத் தனிப் பலகை. சாலட்டுக்கு வெள்ளரிக்காய் நறுக்குவதை அன்றைக்கு முதலில் முடித்துவிடுங்கள்.

சூடான சாம்பாரை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. முழுக்க ஆறட்டும் என்று மறந்து தூங்கிவிடுவதைவிட, சின்னப் பாத்திரங்களில் பிரித்து வெதுவெதுப்பாக வைப்பது மேல். ஃபிரிட்ஜ் உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். திருகில் இருக்கும் எண் டிகிரி இல்லை, பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி கூடும். வாரம் ஒருமுறை, காய்கறி வாங்கப் போவதற்கு முன்னால், ஒவ்வொரு தட்டாக எடுத்துத் துடையுங்கள். காலியாக இருக்கும்போது செய்தால் கால் மணி நேரம்.

அரிசியில் வண்டு வருகிறது.

பல நேரம் பழைய அரிசியின் மேலேயே புதியதைக் கொட்டுவதால்தான். டின்னைக் காலி செய்து, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு கொட்டுங்கள். காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போடுவது பாட்டிகள் வழி, பழக்கம் இருந்தால் போடுங்கள். டின்னைக் காயவைப்பதைவிட அதை நான் பெரிதாக நம்புவதில்லை.

இத்தனையையும் ஒரே ஆள் செய்ய முடியுமா?

முடியாது, செய்யவும் கூடாது. எங்கள் வீட்டில் சமைப்பவர் மூடுவதில்லை. நான் சமைத்தால் அவர் மூட வேண்டும். குப்பையைப் பிரிப்பது பையனின் வேலை, மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி. ஆரம்பத்தில் அவர் துடைத்த மேடையை நான் மறுபடி துடைப்பேன். அதை நிறுத்தவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை கிடந்தால் கிடக்கட்டும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

வெங்காயம், வாழைப்பழம் எதையும் கூடையில் விடாதீர்கள், திரும்பி வரும்போது கொசு மாதிரி பழ ஈ கூட்டம் வரவேற்கும். பால், மாவு, நறுக்கிய காயை முந்தின நாளே தீர்த்துவிடுங்கள். மிக்ஸி பிளக்கைப் பிடுங்கி, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, குப்பை வாளியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கடைசியாக சிங்க்கில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அதன் மேல் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதே என்றவள் இப்படிச் சொல்கிறாளே என்று கேட்காதீர்கள். இந்த ஒரு ஸ்பூன், வளைவுக் குழாயில் நிற்கும் தண்ணீர் சீக்கிரம் வற்றிப் போகாமல் மூடி வைக்கும். வந்ததும் வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவிவிடலாம்.